நடைவண்டியும் நுகத்தடியும்

நடைவண்டி என்றால் என்ன என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், "வாக்கர்தானே தாத்தா?" என்கிறார்கள். வாக்கர் வேறு, நடைவண்டி வேறு. குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருள விடுவது வாக்கர். குழந்தை பின்னால் நின்று, பிடித்துக்கொண்டு, தானே தள்ளிக்கொண்டு போவது நடைவண்டி. ஒன்று குழந்தையைச் சுமக்கிறது. மற்றொன்றைக் குழந்தை செலுத்துகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால் இரண்டாயிரம் வருஷத்துக் கதை இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். காப்பி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இது குமாஸ்தா புத்தி. குறிப்பின் முதல் பத்தியில் பொருள் இல்லாவிட்டால் மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கீழே முக்கோணமாக ஒரு மரச்சட்டம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பின்பக்கத்தில் சின்ன ஏணி மாதிரி ஒரு நிலைச்சட்டம். அதன் உச்சியில் குறுக்கே உருட்டி இழைத்த ஒரு கைப்பிடி. வசதியுள்ள வீட்டு வண்டியில் கடைசல் குச்சிகள் இருக்கும், பச்சையும் சிவப்புமாகச் சாயம் இருக்கும். உருளும்போது கடகடவென்று சத்தம் வர ஒரு மரத்துண்டைப் பொருத்தியிருப்பார்கள். அவ்வளவுதான் வண்டி.

ஏன் மூன்று சக்கரம்? சாணி மெழுகிய மண் தரை மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மூன்று கால் உள்ள பொருள் எந்தத் தரையிலும் ஆடாது. காகிதத்தை மடித்து அடியில் கொடுக்கச் சொல்வதெல்லாம் நான்கு கால் மேசைதான். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். முன்சக்கரம் ஏன் அத்தனை நீட்டி நிற்கிறது? குழந்தை உடம்பின் பாரம் முழுவதையும் கைப்பிடியில் சாய்த்தாலும் வண்டி குப்புறக் கவிழக் கூடாது. சக்கரம் ஏன் வழுக்கி ஓடாமல் முனகிக்கொண்டே சுற்றுகிறது? குழந்தையின் அடுத்த அடி விழுவதற்குள் வண்டி முன்னே ஓடிவிடக் கூடாது. இத்தனையையும் ஒருவர் ஒரே நாளில் யோசித்திருக்க முடியாது. செய்து, குழந்தை கையில் கொடுத்து, அது எங்கே விழுகிறது என்று பார்த்து, திருத்தி, மறுபடியும் கொடுத்துப் பார்த்து வந்த திருத்தங்கள் இவை.

எவ்வளவு காலமாக? அதற்குச் சாட்சி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

நான் காரைக்காலில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில். தமிழ் எனக்கு அப்பாவின் அலமாரியிலிருந்து வந்தது. அந்த அலமாரியில் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டு இருந்தது. ஐயர் அதை முதலில் அச்சேற்றியது 1889-ல். எங்கள் வீட்டில் இருந்தது பிற்காலத்துப் பதிப்பு. காரைக்காலிலிருந்து கடற்கரையோடு வடக்கே போய்த் தரங்கம்பாடியைத் தாண்டினால் பூம்புகார். அந்தக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடியதுதான் பட்டினப்பாலை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

அதில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் தானியம் காய்கிறது. அதைத் தின்ன ஒரு கோழி வருகிறது. காவலுக்கு இருக்கும் பெண் கையில் கிடைத்ததை எடுத்து எறிகிறாள். கிடைத்தது காதில் கிடந்த கனத்த குழை. அது போய் விழுந்த இடத்தில் ஒரு சிறு பிள்ளை குதிரை பூட்டாத தேரை உருட்டிக்கொண்டு வருகிறான். குழை வழியை மறித்து, தேர் நின்றுவிடுகிறது. பொன்னைத் தூக்கிக் கோழிமேல் எறியும் அளவுக்கு ஊர் செல்வச் செழிப்பு என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சரிதான். எனக்குக் கண்ணில் படுவது வேறு. அந்தத் தேருக்கு மூன்று கால் என்று புலவர் எண்ணிச் சொல்கிறார். கால் என்றால் இங்கே சக்கரம். பூம்புகார்ப் பிள்ளை உருட்டிய தேருக்கும் நம் வீட்டு நடைவண்டிக்கும் சக்கரக் கணக்கு ஒன்றே.

இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையும் பாடியிருக்கிறார். அதிலும் ஒரு சிறுதேர் வருகிறது. ஏறிச் செல்ல முடியாத, தள்ளி உருட்ட மட்டுமே ஆன தேர். தள்ளாடும் நடையோடு அதை உருட்டிக் களைத்த பிள்ளைகள், செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். அந்தத் தேர் எப்படிப்பட்டதாம்? தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்யப்பட்டதாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தச்சர் வீட்டுப் பிள்ளை என்றால் யார்? பிறந்ததிலிருந்து மரச்சுருள் நடுவே விளையாடுகிறவன். நாள்தோறும் பத்து வண்டி பார்க்கிறவன். மிட்டாய்க் கடைக்காரர் பிள்ளைக்கு மிட்டாய் மேல் ஆசை இருக்காது என்பார்களே, அந்த மாதிரி. அவனே ஆசைப்பட்டான் என்றால் அந்த வண்டி தேறிவிட்டது. பொருள் நன்றாக இருக்கிறதா என்பதற்குப் புலவர் தரும் சான்று விலையும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. ஒரு பிள்ளையின் விருப்பம். இன்று பெரிய கம்பெனிகளில் விளையாட்டுப் பொருளைச் சந்தைக்கு அனுப்புமுன் குழந்தைகளிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். நம் ஊர்த் தச்சர்களுக்கு அந்தச் சோதனைச்சாலை சொந்த வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

சிறுதேர் அதோடு நின்றுவிடவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். முருகனானாலும் சரி, ஊர்ப் பெரிய மனிதரானாலும் சரி, பாட்டுடைத் தலைவர் யாராக இருந்தாலும் ஒரு காலத்தில் தேர் உருட்டியாக வேண்டும். எங்கள் டெல்டாப் பக்கத்தில் ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகள் சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். காவிரியின் வால் பக்கத்தில் சப்பரம் இழுத்தவன், பணி ஓய்வுக்குப் பிறகு அதே காவிரியின் மேற்கே, ராஜவாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்தில், மனைவியின் ஊரில் வந்து குடியிருக்கிறேன்.

இங்கே வந்த பிறகுதான் நடைவண்டியோடு நுகத்தடியையும் சேர்த்து நினைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் இந்தப் பக்கத்து வயதான ஆசாரி ஒருவர். பெயர் எழுதுவதை அவர் விரும்ப மாட்டார். ஒரு காலத்தில் ஏர், நுகம், கட்டைவண்டி, கதவு நிலை, தொட்டில் கம்பு, நடைவண்டி எல்லாம் ஒரே பட்டறையில் ஒரே கையால் செய்யப்பட்டவை. மாட்டுக்குச் செய்கிறவரும் குழந்தைக்குச் செய்கிறவரும் ஒருவரே.

நுகத்தடி பார்ப்பதற்கு வெறும் கட்டைதான். ஆனால் அது உட்காருவது உயிருள்ள கழுத்தின் மேல். ஒரு இடத்தில் முனை தூக்கியிருந்தால் ஒரே வாரத்தில் கழுத்துப் புண் வரும். புண் வந்த மாட்டை ஏரில் பூட்ட முடியாது. உழவு தள்ளிப் போகும், ஈரம் போய்விடும், அந்த வருஷத்துச் சாகுபடியே தள்ளாடும். ஜோடி மாடுகள் ஒரே உயரமாக அமைவதும் இல்லை. இதையெல்லாம் எப்படிச் சரி பார்ப்பீர்கள் என்று ஆசாரியிடம் கேட்டேன்.

"மாடு வந்து சொல்லுங்களா சார், இந்த எடத்துல உறுத்துதுன்னு? நாலு சால் ஓட்டிட்டு வரச் சொல்லி, கழுத்தத் தடவிப் பாக்கோணும். எங்க முடி படுத்துக் கெடக்குதோ, நொகத்துல அந்த எடத்த எழைக்கோணும். மறுக்கா நாலு சால். மறுக்கா தடவிப் பாக்கோணும்."

"குழந்தைக்கு?"

"கொழந்தையும் வாயில்லாத சீவன்தானுங்க. அதுக்குக் கழுத்து இல்லீங்க, காலப் பாக்கோணும்."

என் பேத்திக்கு அவர்தான் நடைவண்டி செய்து கொடுத்தார். கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பிடியை எட்டிப் பிடித்தபோது குதிகால் தரையை விட்டு எழும்பியது. "ரெண்டு விரக்கடை ஒசரம் சாஸ்தி" என்று சொல்லி அங்கேயே அறுத்து இறக்கினார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். எங்கள் வீட்டில் போட்டிருப்பது வழவழப்பான டைல்ஸ். மண் தரைக்குப் போதுமான சக்கரம் அதில் சறுக்கிக்கொண்டு ஓடியது. பேத்தி இரண்டு தடவை பொத்தென்று உட்கார்ந்தாள். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டி, அச்சையும் இறுக்கிவிட்டுப் போனார். தரை மாறினால் வண்டியும் மாற வேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டாயிரம் வருஷத்துப் பொருளானாலும் அன்றன்றைக்குச் சோதனை உண்டு.

இனி கடல் கடந்து போவோம். என் படிப்பு அங்கே இழுக்கிறது.

ஐரோப்பாவிலும் நடை பழக்கும் சட்டங்கள் பழையவை. வியன்னா அருங்காட்சியகத்தில் போஷ் என்ற ஓவியர் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தை, ஒரு கையில் காற்றாடி, மறு கை நடைச்சட்டத்தின் மேல். குழந்தை ஏசு என்று சொல்கிறார்கள். படத்தை அச்சில் பார்த்தபோது, சட்டத்தை மாற்றிவிட்டால் நம் ஊர்க் குழந்தைதான் என்று தோன்றியது.

பிரான்சில் பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு மூன்று பொருள் உண்டு. தலைக்கு ‘பூர்லே’, அதாவது விழுந்தால் அடிபடாமல் இருக்கப் பஞ்சு வைத்த சும்மாடு போன்ற தொப்பி. தோளுக்கு ‘லிஸியேர்’, அதாவது தாதி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் வார். காலுக்கு ‘பனியே ரூலான்’, அதாவது உருளும் கூடை. அந்தக் கூடைக்குள் குழந்தையை நிறுத்திவிட்டால் அது விழாமல் உருண்டுகொண்டிருக்கும். இன்றைய வாக்கரின் பாட்டனார் இவர்தான்.

ரூசோ 1762-ல் எழுதிய ‘எமில்’ நூலில் இந்த மூன்றையும் வேண்டாம் என்று தள்ளினார். பள்ளியில் அந்தப் பகுதியைப் படித்தபோது வகுப்பே சிரித்தது நினைவிருக்கிறது. தம் மாணவன் எமிலைப் புல்வெளியில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், நாளுக்கு நூறு தடவை விழட்டும், சீக்கிரமே எழுந்திருக்கக் கற்றுக்கொள்வான் என்பது அவர் வாதம். பாரிஸில் அந்த நூலைக் கொளுத்த உத்தரவு போட்டார்கள்; காரணம் நடைவண்டி இல்லை, அதில் மதத்தைப் பற்றி எழுதியிருந்தது.

ரூசோ சொன்னதில் பாதி சரி. விழாமல் யாரும் நடந்ததில்லை. ஆனால் அவர் தள்ள வேண்டிய வண்டியையும் உள்ளே நிற்கும் கூடையையும் ஒரே பட்டியலில் சேர்த்து ஒரே கையெழுத்தில் தள்ளுபடி செய்துவிட்டார். இன்னொரு சங்கதியும் உண்டு. தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அவர் அநாதை விடுதியில் விட்டுவிட்டவர். எமில் கற்பனைப் பிள்ளை. ஜேடர்பாளையம் ஆசாரியைப் போலத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நிஜக் குழந்தையின் குதிகாலைப் பார்க்கும் வாய்ப்பை அவர் தமக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்து பார்த்தவர் வேறொரு பிரெஞ்சுக்காரர். அவேரோன் காட்டுப் பகுதியில் 1800-ம் ஆண்டு வாக்கில் தனியே வளர்ந்த ஒரு பையன் பிடிபட்டான். பேச்சு கிடையாது. பாரிஸில் காது கேளாதோர் பள்ளியில் இருந்த இதார் என்ற இளம் மருத்துவர் அவனை ஏற்றுக்கொண்டு, விக்தோர் என்று பெயர் வைத்து, வருஷக்கணக்கில் பழகினார். சொல்லிக் கொடுத்தால் புரியாத பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? பொருளாகச் செய்து கையில் கொடுத்தார். படத்தோடு பொருளைச் சேர்ப்பது, எழுத்து வடிவத்தோடு எழுத்தைச் சேர்ப்பது. எது அவனுக்குப் பிடிக்கவில்லையோ அதை மாற்றினார். விக்தோர் கடைசி வரை சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த முயற்சியை சேகன் என்ற சீடர் எடுத்துக்கொண்டு, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகப் பலகையில் வடிவங்களைப் பொருத்தும் கருவிகளைச் செய்து, 1846-ல் பெரிய புத்தகமாக எழுதினார்.

அந்தப் புத்தகங்கள் ரோமில் ஒரு பெண் மருத்துவர் கையில் கிடைத்தன. இதார், சேகன் இருவரின் எழுத்தையும் அவர் தம் கையாலேயே இத்தாலியனில் பெயர்த்து எழுதினார். வேகமாகப் படித்தால் மனதில் தங்காது என்பதற்காகவாம். நகல் எழுதி எழுதியே சட்டம் கற்றுக்கொண்ட எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது நன்றாகவே புரியும். அந்த மருத்துவர்தான் மரியா மாண்டிசோரி.

ரோமில் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் 1907 ஜனவரி 6-ம் தேதி அவர் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே அழகான பொம்மைகளும் இருந்தன, அவர் செய்வித்த மரக் கருவிகளும் இருந்தன. குழந்தைகள் பொம்மைகளை விட்டுவிட்டுக் கருவிகளிடம் போனார்கள். மூன்று வயதுப் பெண் ஒருத்தி, வெவ்வேறு அளவுள்ள உருளைகளைப் பலகைக் குழிகளில் பொருத்தி எடுத்து, பொருத்தி எடுத்து, நாற்பது தடவைக்கு மேல் செய்தாளாம். சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள்; அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள்; அவள் நிறுத்தவில்லை. மாண்டிசோரி தடவைகளை எண்ணிக்கொண்டே நின்றார். தவறான குழியில் வைத்தால் உருளை ஒன்று மிஞ்சும். தப்பு என்று வாத்தியார் சொல்ல வேண்டியதில்லை, பலகையே சொல்லிவிடும். நடைவண்டியும் அப்படித்தான். வேகமாகத் தள்ளினால் கால் பிந்தும், மெதுவாகத் தள்ளினால் கால் சேரும். பாடம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

அந்த அம்மையார் நம் மெட்ராஸுக்கு வந்தது 1939 நவம்பரில். அடையாறு பிரம்மஞான சபையின் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலிக்காரர்கள் எல்லோரும் ஆங்கில அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மகன் மாரியோவைக் காவலில் வைத்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு 31, அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். அன்று மகனை விடுவித்தார்கள். அதன் பிறகு அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவில் இருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊர்களில் ‘மாண்டிசோரி’ என்ற பெயர்ப்பலகை இத்தனை பள்ளிகளில் தொங்குவதற்கு அடையாறில் போட்ட அந்த விதை ஒரு முக்கிய காரணம். பெயர்ப்பலகை உள்ள இடத்தில் எல்லாம் உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

தொழிற்சாலைக்காரர்களும் மெல்ல இந்த வழிக்கு வந்தார்கள். 1930-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கிய ஃபிஷர் பிரைஸ் பொம்மைக் கம்பெனி, 1961-ல் தன் இடத்திலேயே ஒரு மழலைப்பள்ளி வைத்தது. புதுப் பொம்மையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, செய்தவர்கள் மறைவிலிருந்து கவனிப்பார்கள். பெரும்பாணாற்றுப்படைத் தச்சரின் திண்ணை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாய்க்கும் ஒரு கதை உண்டு. லாரி ஊரான நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு இது பிடிக்கும். 1970-களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஓய்வுபெற்ற போலீஸ் நாய் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எதைக் கொடுத்தாலும் விடவில்லை. ஒருநாள் அவர் தம் வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, கழற்றிப் போட்ட ரப்பர் சஸ்பென்ஷன் பாகம் ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கல்லை மறந்தது. அது நேராகத் துள்ளாமல் தாறுமாறாகத் துள்ளியதில் நாய்க்கு ஒரே குஷி. அதே வடிவத்தில் கெட்டி ரப்பரில் செய்ததுதான் இன்று உலகம் முழுக்க விற்கும் ‘காங்’ நாய்ப் பொம்மை. இதை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால், பாதிப் பெயர் ஃபிரிட்ஸுக்குப் போக வேண்டும். மாட்டுக் கழுத்தில் படுத்த முடியைப் பார்த்த ஆசாரிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அது சரி, நாய்க்குத் தெரியாதுங்களா அதுக்கு என்ன வேணுமின்னு" என்றார்.

இப்போது வாக்கருக்கு வருவோம். இத்தனையும் எழுதியது இந்த இடத்துக்கு வரத்தான்.

எங்கள் தெருவில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று வாக்கரோடு திண்ணைப் படியில் உருண்டு விழுந்தது. நெற்றியில் மூன்று தையல். தாய் நான்கடி தூரத்தில்தான் இருந்தாள். பிள்ளையை ஏன் பார்க்கவில்லை என்று ஆளாளுக்கு அவளைப் பேசினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வாக்கரில் உள்ள குழந்தை ஒரு நொடியில் மூன்று நான்கு அடி போய்விடும். பார்த்துக்கொண்டிருந்தாலும் எட்டிப் பிடிக்க முடியாது.

அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 2,30,000 பேர் வாக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு படிக்கட்டில் விழுந்தவை. பத்தில் ஒன்பது காயம் தலையிலும் கழுத்திலும். அங்கே விதிகளைக் கடுமையாக்கி, படி விளிம்பில் தானே நிற்கும்படி செய்ய வைத்த பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது; ஆனாலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதைத் தடை செய்யச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. கனடா அந்தச் சிரமமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. 2004 ஏப்ரலில் விற்பனையையே தடை செய்துவிட்டது.

சரி, விழாத வீட்டில் வாக்கர் நடை கற்றுக்கொடுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. உள்ளே தொங்கும் குழந்தை நுனிக்காலால் தரையை உந்துகிறது. உடம்பு ஒருபக்கம் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க வளையம் இருக்கிறது. அதனால் சமநிலை பழகுவதில்லை. சுற்றியுள்ள தட்டு மறைப்பதால் தன் காலையே அது பார்ப்பதில்லை. வாக்கரில் வளர்ந்த குழந்தைகள் தவழவும் நடக்கவும் சற்றுப் பிந்துவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. நடைவண்டியில் உடம்பின் பாரம் குழந்தையின் சொந்தக் காலில். உள்ளங்கால் முழுவதும் தரையில். நிறுத்த வேண்டுமானால் அதுவே நிற்க வேண்டும்.

பிறகு ஏன் வாக்கர் விற்கிறது? வாங்குகிறவர் பெற்றோர், அனுபவிக்கிறவர் குழந்தை. பாட்டு, விளக்கு, வண்ணத் தட்டு எல்லாம் கடையில் நிற்கும் பெரியவர் கண்ணுக்காகச் செய்தவை. அதோடு, பெரியவர்கள் இல்லாத வீட்டில் ஒரு தாய்க்கு உலை கொதிக்கும்போது பத்து நிமிஷம் கை விடுதலை வேண்டும். அந்தத் தேவை உண்மையானது. அதைப் பழிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சக்கரம் வேண்டாம். கட்டில் காலைச் சுற்றிப் பாய் விரித்து, நான்கு பாத்திரம் போட்டு, வாசற்படிக்கு ஒரு தடுப்புப் பலகை வைத்தால் போதும். முன்பெல்லாம் இதைச் செய்தோம்.

நடைவண்டியும் தெய்வமில்லை. படி உள்ள இடத்தில் அதையும் விடக் கூடாது. தானே எழுந்து நிற்கப் பழகாத குழந்தைக்கு அது தேவையும் இல்லை. இரண்டும் இல்லாமலும் குழந்தை நடந்துவிடும். வண்டி விளையாட்டுக்குத்தான், நடை அந்த விளையாட்டில் சேர்ந்து வருகிறது.

அரசு பொம்மைகளுக்கு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கீழே போட்டுப் பார்ப்பது, திருகிப் பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது என்று சோதனைகள் உண்டு. உடைந்து விழும் துண்டு சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிட்டால், குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்று அந்தப் பொம்மையைத் தள்ளிவிடுவார்கள். நல்ல விதி. கைவினைத் துறையில் பதிவு செய்த கலைஞர்களுக்கு இதிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நியாயம். ஆனால் ஆபத்து இல்லை என்று முத்திரை குத்தலாம். இந்தக் குழந்தையின் குதிகால் தரையில் படுகிறது என்று எந்த முத்திரையும் சொல்லாது. அதற்கு ஓர் ஆள் திண்ணையில் உட்கார வேண்டும்.

அந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மாடு போய் டிராக்டர் வந்தபோது நுகத்தடி வேலை நின்றது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகியபோது தச்சர் வீட்டு இளைஞர்கள் பலர் அங்கே போனார்கள். நல்ல சம்பளம், போனதில் தப்பில்லை. லாரிக்கு வலி இல்லை, தடவிப் பார்க்க வேண்டிய கழுத்தும் இல்லை. சந்தையில் இன்றும் நடைவண்டி கிடைக்கிறது. எல்லாம் ஒரே உயரம், ஒரே சக்கரம்.

வாங்குகிறவர்களுக்கு ஆசாரி சொன்ன மூன்று சோதனையை எழுதிவிடுகிறேன். கைப்பிடி, நிற்கும் குழந்தையின் இடுப்புக்கு மேலே, மார்புக்குக் கீழே வர வேண்டும். பிடித்திருக்கும்போது குதிகால் எழும்பக் கூடாது. வண்டியை ஒரு விரலால் தள்ளிவிட்டால் இரண்டு சாணுக்குள் நின்றுவிட வேண்டும். ஓடினால் அச்சை இறுக்குங்கள், சக்கரத்தில் ரப்பர் சுற்றுங்கள். கைப்பிடியில் உங்கள் கையை ஊன்றி முன்னாலும் பின்னாலும் சாய்த்துப் பாருங்கள். கவிழப் பார்த்தால் வேண்டாம். சாயம் உரிகிறதா என்பதையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், ஏனென்றால் குழந்தை அதை வாயில்தான் முதலில் சோதிக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய நடைவண்டி கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கித் தூசி தட்டி, ஒரு நூலை எடுத்து அளவெடுங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம், கைப்பிடி எத்தனை விரற்கடை உயரம், சக்கரத்தின் விட்டம் என்ன, என்ன மரம். ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். எத்தனையோ குழந்தைகள் விழுந்து விழுந்து திருத்திக் கொடுத்த அளவுகள் அவை. வண்டி செல்லரித்துப் போனாலும் அந்தத் தாள் இருந்தால், அடுத்த தச்சர் புதிதாக யோசித்துத் தொடங்க வேண்டியதில்லை. கையில் இழைப்புளியும், உட்கார ஒரு திண்ணையும், அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் அவருக்குப் போதும்.